துனீசியாவில் கலகலப்பான கடற்கரை ஊர் எது, ஹோட்டலை எப்படிப் பொறுக்குவது?

லண்டனிலிருந்து ஐந்து பேர் ஆகஸ்ட் கடைசி வாரம் துனீசியா போகிறீர்கள்: நீங்கள், கணவர், 14 வயது மகள், 9 வயது மகன், முழங்கால் வலியோடு சைவம் மட்டும் சாப்பிடும் மாமியார். தோழி ஹம்மாமெத் என்கிறார், கணவரின் அண்ணன் ஜெர்பா என்கிறார், விலையில் பெரிய வித்தியாசம் இல்லை, எதைப் போடலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். என் கண் நின்ற வரி வேறு. "போன வருஷம் போன இடத்தில் ராத்திரி சாப்பாடு முடிந்தால் அறைக்குப் போய் டிவி பார்ப்பதைத் தவிர வேறொன்றும் இல்லை, பெரியவள் அழாத குறை" என்று எழுதியிருக்கிறீர்களே, கேள்வி அங்கேதான் இருக்கிறது. இரவு ஒன்பது மணிக்கு ஹோட்டல் வாசலைத் தாண்டிக் காலை வைத்தால் அங்கே ஒரு ஊர் இருக்குமா என்று கேட்கிறீர்கள். அதற்கே பதில் சொல்கிறேன்.

லண்டனில் பயண முகவர் அலுவலகம் ஒன்றில் 19 வருடம் வேலை பார்த்தேன். அதில் பெரும்பகுதி இப்படிப்பட்ட ஒரு வாரப் பேக்கேஜ் விடுமுறைகளைப் பதிவு செய்வதுதான். துனீசியாவுக்கு மட்டும் பதினோரு முறை போயிருக்கிறேன். நான்கு முறை என் பிள்ளைகளோடு. மற்றதெல்லாம் ஒரு நாளைக்கு ஆறு ஏழு ஹோட்டல் என்று அறை அறையாகத் திறந்து பார்க்கிற ஆய்வுப் பயணங்கள். அதனால் ஊர்களைப் பற்றி உறுதியாகச் சொல்வேன். ஹோட்டல்களைப் பற்றி அந்த உறுதி எனக்கு இல்லை. அங்கே ஒரே கட்டடம் சில வருடங்களுக்குள் இரண்டு மூன்று நிர்வாகம் பார்த்துவிடும். பெயர்ப்பலகை மாறும், சமையல்காரர் மாறுவார். எனவே ஹோட்டல் பெயர் எதையும் தர மாட்டேன். எதை எதைப் பார்த்துப் பொறுக்க வேண்டும் என்று சொல்கிறேன்.

மொராக்கோவின் அகதீர், எகிப்தின் ஹுர்கடா இரண்டையும் கடைசி வரியில் கேட்டிருந்தீர்கள். அகதீர் நல்ல ஊர். 1960 பிப்ரவரி 29 அன்று வந்த நிலநடுக்கத்தில் தரைமட்டமாகி, புதிதாகக் கட்டப்பட்டது. நீண்ட கடற்கரை, அதை ஒட்டியே நடைபாதை, மாலையில் நல்ல கூட்டம். ஆனால் அது அட்லாண்டிக். ஆகஸ்டிலும் தண்ணீர் குளிரும், காலையில் மூடுபனி சூரியனை மறைத்துக்கொண்டு நிற்கும். ஒன்பது வயதுப் பையன் நாள் முழுவதும் தண்ணீரில் கிடக்க வேண்டுமென்றால் அது சரிப்படாது. ஹுர்கடாவில் பவளப்பாறைகளும் மீன்களும் அற்புதம், ஆனால் ஆகஸ்டில் வெயில் தாங்காது, ரிசார்ட்டுகளும் பாலைவனக் கரையோரம் தள்ளித் தள்ளி இருக்கின்றன. டிசம்பரில் போவதாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு ஹுர்கடா என்பேன். ஆகஸ்டுக்குத் துனீசியாதான்.

குடும்பத்தோடு போகிறவர்களுக்குக் கலகலப்பு இரண்டு வகையில் கிடைக்கும், விளம்பரங்கள் இரண்டையும் ஒன்றாகக் கலந்து சொல்லும். ஒன்று, மதில் சுவருக்குள் இருப்பது. துனீசியாவின் பெரிய ஹோட்டல்கள் எல்லாவற்றிலும் 'அனிமேஷன்' குழு என்று ஒன்று இருக்கும். சித்திரப்படத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இருபது இருபத்தைந்து வயதுப் பையன்களும் பெண்களும் ஒரே நிற டீ-ஷர்ட் போட்டுக்கொண்டு காலையில் நீச்சல் குளத்தில் உடற்பயிற்சி நடத்துவார்கள், மதியம் கடற்கரையில் வாலிபால், இரவு எட்டரைக்குக் குழந்தைகளுக்கான 'மினி டிஸ்கோ', அதன் பிறகு மேடையில் ஆட்டம் பாட்டு. நான்கு மொழியில் மாறி மாறிப் பேசி, கூச்சப்படுகிற பிள்ளையையும் இரண்டாம் நாளே மேடையேற்றிவிடுவார்கள். உங்கள் மகனுக்கு இது போதும். இரண்டாவது வகை, சுவருக்கு வெளியே இருப்பது. ஊர்க்காரர்கள் குடும்பத்தோடு காற்று வாங்க வருகிற தெரு, ஐஸ்கிரீம் கடை, கூட்டம், பாட்டு. உங்கள் மகளுக்கும் உங்களுக்கும் வேண்டியது அது. முதலாவதை எந்த ஊரிலும் வாங்கலாம். இரண்டாவது ஊரைப் பொறுத்தது. அதனால் ஊரை முதலில் முடிவு செய்யுங்கள், ஹோட்டலை அப்புறம் தேடுங்கள்.

ஜெர்பா அழகான தீவு. வெள்ளைச் சுவர் வீடுகள், ஈச்ச மரங்கள், எல் கிரீபா என்னும் மிகப் பழைய யூதக் கோயில், 2023-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பெருமை. ஆனால் ஹோட்டல்கள் எல்லாம் வடகிழக்குக் கரையில் சீதி மஹ்ரேஸ் கடற்கரையோரம் வரிசையாக நிற்கின்றன. ஹூம்த் சூக் என்கிற ஊர் அங்கிருந்து டாக்ஸி தூரம். இரவில் வாசலைத் தாண்டினால் சாலை, மதில், அடுத்த ஹோட்டலின் மதில். உங்கள் மைத்துனர் அமைதியைத் தேடிப் போயிருந்தால் அவர் சொன்னது அவருக்குச் சரி. உங்களுக்குப் போன வருஷக் கதைதான் திரும்பவும் நடக்கும்.

ஹம்மாமெத் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. அந்தப் பெயரில் விற்கப்படுவது ஒரே இடம் கிடையாது. கடலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும் பழைய கோட்டை, அதை ஒட்டிய சின்ன மதீனா (மதில் சூழ்ந்த பழைய ஊர்ப் பகுதி), காபிக் கடைகள், இது அசல் ஹம்மாமெத். தெற்கே பத்து கிலோமீட்டர் போல் தள்ளி 1990-களில் எழுப்பிய யாஸ்மின் ஹம்மாமெத் இன்னொன்று: படகுத் துறை, அகலமான நடைபாதை, கார்த்தேஜ் லாண்ட் என்ற கேளிக்கைப் பூங்கா, சுற்றுலாவுக்காகவே புதிதாகக் கட்டிய மதீனா. மூன்றாவதாக வடக்கே நாபெல் பக்கம் போகிற சாலையோரம் இருக்கும் ஹோட்டல்கள். அவற்றுக்கும் ஹம்மாமெத் என்றே பெயர் போடுவார்கள். நான் இந்த வேலைக்கு வந்த மூன்றாம் வருடம் ஒரு குடும்பத்துக்கு 'ஹம்மாமெத்' என்று நம்பிப் பதிவு செய்து கொடுத்தேன். அது இந்த மூன்றாவது ரகம். ஒவ்வொரு இரவும் டாக்ஸி பிடித்து ஊருக்குள் போய்த் திரும்பியிருக்கிறார்கள், கைக்குழந்தையோடு. வரைபடத்தை விரித்துப் பார்க்காதது என் தவறு. அன்றிலிருந்து யாருக்கு எந்த ஹோட்டல் போட்டாலும் வாசலிலிருந்து ஊர் நடுவுக்கு எத்தனை நிமிட நடை என்று அளந்து பார்க்காமல் பணம் வாங்கியதில்லை.

யாஸ்மின் ஹம்மாமெத் உங்கள் குடும்பத்துக்கு ஒத்துவரக்கூடிய இடம்தான், மறுக்கவில்லை. நடைபாதை சமதளம், மாமியாருக்கு எளிது. மகனுக்குப் பூங்கா இருக்கிறது. ஆனாலும் நான் சொல்லப்போவது சூஸ் நகரமும், அதற்கு வடக்கே பத்து கிலோமீட்டரில் இருக்கும் போர்ட் எல் கந்தாவியும். ஹம்மாமெத்துக்கும் சூஸுக்கும் நடுவில்தான் என்ஃபிதா விமான நிலையம் இருக்கிறது, கந்தாவிக்கு அங்கிருந்து பேருந்தில் முக்கால் மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். லண்டன் விமானம் துனிஸில் இறங்கினால் இரண்டு மணி நேரம் ஆகிவிடும். மாமியாரின் முழங்காலை நினைத்து, எந்த விமான நிலையம் என்பதையும் பதிவு செய்வதற்கு முன் கேட்டுவிடுங்கள்.

சூஸ் ஒரு நிஜமான நகரம். துறைமுகம், பல்கலைக்கழகம், 1925-ல் தொடங்கிய எதுவால் என்னும் கால்பந்து அணி, சுற்றுலாப் பயணி ஒருவர்கூட வராவிட்டாலும் மாலையில் நிரம்பி வழிகிற கடற்கரைச் சாலை. ஒன்பதாம் நூற்றாண்டு மதிலுக்குள் மதீனா அப்படியே இருக்கிறது. 1988-லேயே யுனெஸ்கோ அதைப் பட்டியலில் சேர்த்தது. 851-ல் கட்டிய பெரிய பள்ளிவாசல், பக்கத்திலேயே ரிபாத் என்னும் பழைய காவல் மடம், மேட்டில் கஸ்பா என்னும் கோட்டைக்குள் ரோமானியர் காலத்துக் கல்பதிப்புச் சித்திரங்களின் அருங்காட்சியகம். மதீனாவின் வாசலிலிருந்து நடக்கிற தூரத்தில் பூஜாஃபர் கடற்கரை தொடங்குகிறது. இப்படி ஊரும் பழைமையும் கடலும் ஒட்டிக்கொண்டிருக்கிற இடம் அந்தக் கரையில் வேறில்லை என்பது என் அனுபவம்.

ஆகஸ்டில் அங்கே ஒன்பதரை மணி எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். பகல் வெக்கை இறங்கியதும் வீடு வீடாக ஜனங்கள் இறங்கி வருவார்கள். பாட்டி, பேத்தி, தள்ளுவண்டியில் குழந்தை. தணலில் மக்காச்சோளம் வாட்டுகிற புகை. சூரியகாந்தி விதையைக் கொறித்தபடி தடுப்புச் சுவரில் உட்கார்ந்திருக்கும் பையன்கள். வெயில் காலம் கல்யாணக் காலமும்கூட. ஹார்ன் அடித்துக்கொண்டு கார்கள் ஊர்வலமாகப் போகும், ஒரு வண்டியில் மேளமும் குழலும் இருக்கும். நடுவே மல்லிகை விற்கிறவர் வருவார். அதை நின்று பாருங்கள். விரியாத மொட்டுகளைச் சாயங்காலத்துக்கு முன்பே பறித்து, ஒவ்வொன்றையும் காய்ந்த புல் ஈர்க்கில் செருகி, ஈர்க்குகளைச் சேர்த்துச் சிவப்பு நூலால் காம்பைச் சுற்றிக் கட்டியிருப்பார்கள். 'மஷ்மூம்' என்று பெயர். கையில் வாங்கும்போது வெறும் பச்சை வாசம்தான் இருக்கும், அரை மணி நேரத்தில் மொட்டு அவிழ்ந்து மணக்கத் தொடங்கும். நாம் சரமாகத் தலையில் வைப்பதை அங்கே ஆண்கள் காதில் செருகிக்கொள்கிறார்கள். என் அம்மாவை அழைத்துப் போனபோது ஏழு நாளும் அவர் பேசியது அந்தப் பூவைப் பற்றித்தான்.

போர்ட் எல் கந்தாவி அப்படியல்ல. அது 1979-ல் திறந்த, திட்டமிட்டுக் கட்டிய படகுத் துறை ஊர். வெள்ளைச் சுவர், நீலக் கதவு, படகுத் துறைக்குள் கார் வராது, சுற்றிலும் உணவகங்கள். இரவில் பாட்டுக்கு ஏற்ப ஆடும் நீரூற்று, ஹன்னிபால் பூங்கா, கொள்ளையர் கப்பல் மாதிரி ஜோடித்த படகில் கடற்சவாரி என்று பிள்ளைகளுக்கு வேண்டியது எல்லாம் நடக்கிற தூரத்தில். சூஸுக்கும் கந்தாவிக்கும் நடுவே சாலையிலேயே ஓடும் சின்ன ரயில் வண்டி ஒன்று உண்டு. டாக்ஸியும் சுலபமாகக் கிடைக்கும். நகரத்தின் அழுக்கோ நெரிசலோ இங்கே குறைவு. நகரத்தின் உயிர்ப்பும் குறைவு. உங்கள் ஐந்து பேரையும் மனதில் வைத்து நான் சொல்வது: கந்தாவி படகுத் துறையிலிருந்து பத்து நிமிட நடைக்குள் ஒரு ஹோட்டலில் தங்குங்கள், இரண்டு மூன்று மாலைகள் சூஸுக்குப் போய் வாருங்கள். மாமியார் இல்லாமல் நால்வர் மட்டும் என்றால் தயங்காமல் பூஜாஃபர் கரையிலேயே தங்கச் சொல்லியிருப்பேன். நீங்கள் கேட்காத இரண்டு ஊர்களையும் சொல்லிவிடுகிறேன்: மஹ்தியாவின் மணல் துனீசியாவிலேயே எனக்குப் பிடித்த மணல், ஆனால் இரவில் ஊர் அடங்கிவிடும்; மொனாஸ்தீரின் ஸ்கானெஸ் பகுதி ஹோட்டல்கள் விமான நிலையத்துக்குப் பக்கம், வாசலுக்கு வெளியே அதிகம் ஒன்றுமில்லை. இரண்டையும் சூஸிலிருந்து ரயிலில் ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

பாதுகாப்பைப் பற்றி நீங்கள் ஒரே வரியில் கேட்டாலும் நான் நிதானமாகப் பேச வேண்டும். 2015 ஜூன் 26 அன்று இதே கந்தாவிக் கடற்கரையில்தான் ஒரு துப்பாக்கிக்காரன் 38 பேரைக் கொன்றான்; அவர்களில் 30 பேர் பிரிட்டனிலிருந்து போனவர்கள். எங்கள் வாடிக்கையாளர்கள் சிலர் அந்த வாரம் அந்தக் கரையில் இருந்தார்கள். இரவு முழுவதும் தொலைபேசியை விட்டு நகரவில்லை. அதன் பிறகு பிரிட்டிஷ் வெளியுறவு அலுவலகம் துனீசியாவுக்குப் போக வேண்டாம் என்றது. 2017 ஜூலையில்தான் பெரும்பாலான பகுதிகளுக்கு அந்த அறிவுரையை விலக்கியது. 2018-ல் பேக்கேஜ் விமானங்கள் திரும்பின. இன்று ஹோட்டல் வாசலில் வண்டியைச் சோதிப்பார்கள், கடற்கரையில் சுற்றுலாப் போலீஸ் ரோந்து உண்டு. 2015 முடிவில் அறிவித்த நெருக்கடி நிலையை அரசு திரும்பத் திரும்ப நீட்டித்துக்கொண்டே வருகிறது. இனி நடக்கவே நடக்காது என்று எந்த நாட்டைப் பற்றியும் நான் சொல்ல மாட்டேன். அதற்குப் பிறகு என் பிள்ளைகளை இரண்டு முறை அதே கரைக்கு அழைத்துப் போனேன், அதை மட்டும் சொல்ல முடியும். லிபிய எல்லையும் அல்ஜீரிய எல்லை மலைகளும் வேறு விஷயம், அந்தப் பக்கம் போக வேண்டிய தேவை உங்களுக்கு இல்லை. பணம் கட்டும் முன்பும், கிளம்பும் வாரத்திலும் வெளியுறவு அலுவலகத்தின் துனீசியப் பக்கத்தைப் படியுங்கள். அதன் அறிவுரையை மீறிப் போனால் பயணக் காப்பீடு செல்லாமல் போய்விடும். விமானத்தையும் ஹோட்டலையும் தனித்தனியாகப் போடாமல் ஒரே பேக்கேஜாகப் போட்டு, பயண நிறுவனம் திவாலானால் உங்களைக் காக்கும் 'அட்டோல்' சான்றிதழைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். 2019 செப்டம்பரில் தாமஸ் குக் பயண நிறுவனம் மூடப்பட்டபோது அந்தச் சான்றிதழ் வைத்திருந்தவர்கள் ஊர் திரும்பியதையும் பணம் திரும்பப் பெற்றதையும் பக்கத்திலிருந்து பார்த்தவன் நான்.

இனி ஹோட்டல். துனீசியாவின் நட்சத்திரக் கணக்கு அந்த நாட்டு அரசின் கணக்கு. ஸ்பெயினில் பார்த்த நான்கு நட்சத்திரத்தை அங்கே எதிர்பார்த்தால் மனம் கசக்கும். ஒன்றைக் கழித்துக்கொண்டு பாருங்கள் என்பது எங்கள் தொழிலில் எல்லோரும் சொல்வது, என் அனுபவமும் அதுதான். பல கட்டடங்கள் எழுபதுகளிலும் எண்பதுகளிலும் கட்டியவை. அதனால் நட்சத்திரத்தைவிட அறைகளைக் கடைசியாக எந்த வருடம் புதுப்பித்தார்கள் என்ற கேள்விக்கு மதிப்பு அதிகம். குளிர்சாதனம் அறைக்கு அறை தனியாக இருக்கிறதா, கட்டடம் முழுவதற்கும் ஒன்றா என்று கேளுங்கள். மொத்தமாக ஒன்று என்றால் அதை ஓட்டுவதும் நிறுத்துவதும் அவர்கள் கையில். ஆகஸ்டு இரவில் அது நின்றால் தூக்கம் போய்விடும்.

செயற்கைக்கோள் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஹோட்டலுக்கும் மணலுக்கும் நடுவில் சாலை இருக்கிறதா, கடலோரத்தில் ஓடை வந்து விழுகிறதா, மேடை எந்தக் கட்டடத்தைப் பார்த்து நிற்கிறது என்பதெல்லாம் அதில் தெரியும். மேடை முக்கியம். கலகலப்பான ஹோட்டல் என்றால் இரவு பதினொன்று பன்னிரண்டு வரை ஒலிபெருக்கி அலறும். பிள்ளைகளுக்கு அது கொண்டாட்டம், மேடைக்கு நேர் மேலே படுத்திருக்கும் மாமியாருக்குத் தண்டனை. அவருக்குத் தோட்டப் பக்கத்தில், சாப்பாட்டுக் கூடத்துக்குக் கிட்ட, தரைத்தளத்தில் அறை கேளுங்கள். மூன்று மாடிக்குக் குறைவான கிளைக் கட்டடங்கள் பலவற்றில் லிஃப்ட் கிடையாது. ஐந்து பேருக்கு 'குடும்ப அறை' என்று ஒன்றில் அடைத்துவிடுவார்கள். நடுவே கதவுள்ள இரண்டு அறைகளாக எழுத்தில் வாங்குங்கள்.

விமர்சனங்களைப் படிக்கும்போது மே, ஜூன் மாதத்தில் எழுதியவற்றை ஒதுக்கிவிடுங்கள். போன ஆகஸ்டில் எழுதியவற்றை மட்டும் படியுங்கள், பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் எழுதியதை மொழிபெயர்த்தாவது படியுங்கள். மேயில் பாதி காலியாக இருந்த ஹோட்டலும் ஆகஸ்டில் நிரம்பி வழியும் ஹோட்டலும் வேறு வேறு. ஆகஸ்டில் துனீசியக் குடும்பங்கள், எல்லை தாண்டிக் காரில் வரும் அல்ஜீரியக் குடும்பங்கள், பிரான்ஸிலிருந்து ஊர் திரும்பியவர்கள் எல்லோரும் சேர்வார்கள். சாப்பாட்டு வரிசை நீளும், சாய்வு நாற்காலிக்குக் காலையிலேயே துண்டு போட வேண்டியிருக்கும். சிலர் இதைக் குறையாக எழுதியிருப்பார்கள். நீங்கள் தேடுகிற கலகலப்பும் இவர்களால்தான் வருகிறது. உங்கள் பிள்ளைகள் அங்கே நண்பர்கள் பிடிப்பார்கள். ஒரே புகார் பத்துப் பேரிடமிருந்து வந்தால் மட்டும் கவலைப்படுங்கள், குறிப்பாக வயிற்றுப்போக்கு என்று வந்தால் அந்த ஹோட்டலைப் பட்டியலிலிருந்து அப்போதே அடித்துவிடுங்கள்.

எல்லாம் உள்ளடங்கிய கட்டணம் எடுக்கலாமா என்றால், பிள்ளைகளோடு ஆகஸ்டில் கந்தாவியில் தங்கும்போது எடுங்கள். அந்த வெயிலில் நாளெல்லாம் தண்ணீரும் ஐஸ்கிரீமும் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். சூஸ் நகருக்குள் தங்குவதாக இருந்தால் காலையும் இரவும் மட்டும் போதும், வெளியே சாப்பாடு மலிவு, ருசியும் கூடுதல். உள்ளடங்கிய பானம் என்றால் உள்நாட்டுப் பானம். வெளிநாட்டு மதுவுக்குத் தனிக் காசு. இரவு எத்தனை மணி வரை, பாட்டில் தண்ணீர் சேர்த்தியா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இது தவிர தலைக்கு இத்தனை, இரவுக்கு இத்தனை என்று ஒரு சுற்றுலா வரியை ஹோட்டல் முகப்பில் தனியாக வாங்குவார்கள், நட்சத்திரம் கூடினால் அதுவும் கூடும். விளம்பர விலையில் அது பெரும்பாலும் இருக்காது.

மாமியாரின் சாப்பாடு பற்றிப் பயப்பட வேண்டாம், ஆனால் டூனா என்கிற சூரை மீனைப் பற்றி எச்சரிக்கையாக இருங்கள். துனீசியர்களுக்கு டூனா மீன் நம் ஊர்க் கறிவேப்பிலை மாதிரி. சாலட், சுட்ட மிளகாயும் தக்காளியும் மசித்த மெஷ்வியா, முட்டை ஊற்றிப் பொரிக்கும் பிரிக், எல்லாவற்றிலும் தூவிவிடுவார்கள். மீனை அவர்கள் இறைச்சிக் கணக்கில் சேர்ப்பதில்லை. அதனால் பிரெஞ்சில் 'சான் வியாண்ட்' என்று மட்டும் சொன்னால் போதாது, 'சான் தோன்' என்றும் சொல்ல வேண்டும். முதலாவது இறைச்சி வேண்டாம், இரண்டாவது டூனா வேண்டாம். சூப்பிலும் கூஸ்கூஸிலும் பெரும்பாலும் ஆட்டுச் சாறு இருக்கும், அவர் தொடாமல் இருப்பது நல்லது. மற்றபடி சுடச்சுட ரொட்டி, ஆலிவ் எண்ணெய், கொண்டைக்கடலை, கத்திரிக்காய், முலாம்பழம், அத்திப்பழம் என்று மேசை நிறையும். ஹரிஸ்ஸா என்னும் மிளகாய் விழுது நம் நாக்குக்குச் சொந்தக்காரர் வீட்டுச் சாப்பாடு மாதிரி. ஆகஸ்டில் தெருவோரம் சப்பாத்திக் கள்ளிப் பழத்தை முள் நீக்கித் தோலுரித்துத் தருவார்கள். அந்தப் பழத்துக்கு அங்கே பெயரே 'ஹிந்தி', அதாவது இந்தியப் பழம். மகனுக்கு வாங்கிக் கொடுங்கள்.

கடல் ஆகஸ்ட் கடைசியில் 26, 27 டிகிரி இருக்கும், கரையோரம் ஆழமும் குறைவு. இது ஏறக்குறைய உறுதி. ஜெல்லிமீன் வருவது காற்றைப் பொறுத்தது. ஒரு வாரம் ஒன்றுகூடக் கண்ணில் படாது, அடுத்த வாரம் கூட்டமாக ஒதுங்கும். காலையில் உயிர்காப்பாளரிடம் 'ஹ்ரீகா' உண்டா என்று கேட்டுவிட்டு இறங்குங்கள். கரையில் பழுப்பு நிறத்தில் குவிந்து கிடப்பது கடற்புல், குப்பை இல்லை. சில ஹோட்டல்கள் தினமும் வாருகின்றன, சில வாருவதில்லை. ஹம்மாமெத் பக்கம் சில இடங்களில் கடல் மணலையே அரித்துவிட்டது, பழைய விளம்பரப் படத்தில் இருக்கும் அகலமான கரையை நம்பிப் போகாதீர்கள். பாலைவனக் காற்று வீசினால் 40 டிகிரியைத் தாண்டும். எல் ஜெம்மின் ரோமானிய அரங்கம் கட்டாயம் பார்க்க வேண்டியது, மூன்றாம் நூற்றாண்டில் முப்பத்தையாயிரம் பேர் அமரக் கட்டியது. ஆனால் காலை முதல் வண்டியில் போய்ப் பத்தரைக்குள் வெளியே வந்துவிடுங்கள். மாமியாரை அங்கே அழைத்துப் போகாதீர்கள், படிகள் உயரம்.

பணம் பற்றிச் சுருக்கமாக. தினார் நாட்டுக்குள்ளே மட்டும் செல்லும் பணம்; கொண்டுபோகவும் கூடாது, கொண்டுவரவும் கூடாது. அங்கே போய் மாற்றுங்கள், ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள், மிச்சத்தைத் திரும்ப மாற்ற அது வேண்டும். ஒரு தினாருக்கு ஆயிரம் மில்லீம். கடைக்காரர் 'தி மில்' அதாவது பத்தாயிரம் என்று சொன்னால் பதறாதீர்கள், அது பத்து தினார். மஞ்சள் டாக்ஸியில் மீட்டர் போடச் சொல்லுங்கள். இரவு ஒன்பதுக்கு மேல் ஒன்றரை மடங்கு, அது சட்டப்படியான கட்டணம். சூஸ் மதீனாவில் ஒருவர் சிரித்துக்கொண்டு வந்து "என்னைத் தெரியவில்லையா, உங்கள் ஹோட்டல் சமையல்காரன், இன்று எனக்கு விடுமுறை" என்பார். ஹோட்டலில் உங்கள் கையில் கட்டிவிடும் பட்டையைப் பார்த்துத்தான் ஹோட்டலைச் சொல்கிறார். அவர் பின்னால் போனால் ஒரு கம்பளக் கடையில் உட்கார்ந்திருப்பீர்கள். கையை நெஞ்சில் வைத்து 'லா, ஷுக்ரன்' என்று சொல்லி நடந்துகொண்டே இருங்கள், விட்டுவிடுவார். மகளிடம் இதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள். அந்த வயதுப் பெண்ணைக் கடைக்காரர்கள் கூவி அழைப்பார்கள், பழகாதவளுக்கு அது எரிச்சலாக இருக்கும்.

கந்தாவியில் இரண்டு மூன்று ஹோட்டலைப் பொறுக்கிய பிறகு, பதிவு செய்யும் முன் ஒவ்வொன்றுக்கும் நேராக ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். முழங்கால் வலியுள்ள பெரியவருக்கு மேடையிலிருந்து தள்ளிய தரைத்தள அறையும், பக்கத்திலேயே நடுக்கதவுள்ள இன்னொரு அறையும் தர முடியுமா, ஆகஸ்டு முழுவதும் குளிர்சாதனம் இரவிலும் ஓடுமா, படகுத் துறைக்கு நடந்து போகும் வழியில் இரவில் விளக்கு உண்டா என்று இந்த மூன்றை மட்டும் கேளுங்கள். யார் மூன்றுக்கும் தனித்தனியாகப் பதில் எழுதுகிறார்களோ அவர்களிடம் போங்கள். நாலைந்து நாளில் பதிலே வராத ஹோட்டலில், ஆகஸ்டு கூட்டத்தில் முகப்பில் நின்று கேட்டாலும் பதில் வராது.